பல்லுக்கு எப்ப எக்ஸ்றே வேணும்?

மாசி மாதம். காலபோக வெட்டு முடிந்து, நெல் மூட்டைகள் விறாந்தையில் அடுக்கிக் கிடக்கிற நேரம். வன்னியில், இரணைமடுப் பக்கம் வயல் செய்கிற ஒரு ஐயா வலது கன்னத்தைத் துவாயால் பொத்திக்கொண்டு என்னுடைய பல் கிளினிக்குக்கு வந்தார். நாலு இரவாக நித்திரை இல்லையாம். கதிரையில் இருந்த கையோடு கீழ்வரிசைக் கொடுப்புப் பல்லொன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் பிள்ளை. இதைக் கழட்டி விடு, நான் போறன்."

பார்த்தேன். அவர் காட்டியது நல்ல பல். சூத்தை இல்லை, ஆட்டம் இல்லை, தட்டினாலும் நோகவில்லை. மேல்வரிசையில் கொடுப்புப் பற்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றன. மேற்பரப்பில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. பஞ்சில் குளிர் மருந்து நனைத்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தபோது, மேல்வரிசையில் ஓர் இடத்தில் ஐயா துள்ளி எழும்பிவிட்டார். இப்போது மேலா கீழா என்று அவருக்கே சந்தேகம். இதில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. மேற்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் உணர்வைக் கொண்டுபோவது ஒரே பெரிய நரம்பின் கிளைகள். பல்லுக்குள் நரம்பு கொதிக்கத் தொடங்கினால், குத்து எங்கிருந்து கிளம்புகிறது என்பது மூளைக்குப் பிடிபடாமல் போகும். மேற்பல் கெட்டிருக்கும், கீழ்ப்பல் குத்தும்.

படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லித் துண்டு எழுதினேன். "படம் எடுக்காமக் கழட்டேலாதோ?" என்றார். எங்களிடம் கருவி இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அதற்கு ஒரு நாள் போய்விடும். அந்த நாளின் பெறுமதி எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்விக்கு வாசலில் நின்று சொல்ல நேரமில்லாத பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் எக்ஸ்றே என்றால் என்ன என்று பார்ப்போம். அடை வைக்கிற முட்டையை இருட்டில் ரோச் லைற்றுக்கு மேலே பிடித்துப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் ஓட்டுக்குள்ளால் போகும். உள்ளே கரு பிடித்திருந்தால் அந்த இடம் கறுப்பாக நிற்கும். ஓட்டை உடைக்காமலே கூழா குஞ்சா என்று தெரிந்துவிடும். எக்ஸ்றேயும் இதைப் போன்ற ஒரு வெளிச்சம்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தசையையும் பல்லையும் எலும்பையும் ஊடுருவிப் போகக்கூடியது. கன்னத்துக்கு வெளியே இருக்கிற குழாயிலிருந்து கதிர் வரும். பல்லுக்குப் பின்னால் வாய்க்குள் வைத்திருக்கிற சின்னப் பிலிமில் அல்லது உணரித் தகட்டில் அதன் நிழல் விழும். கல்சியம் நிறைந்த இடம் கதிரை மறிக்கும், முட்டைக்கு நேர்மாறாக அது படத்தில் வெள்ளையாக வரும். மறிக்க ஒன்றும் இல்லாத இடம் கறுப்பாக வரும்.

இந்த வெள்ளை கறுப்பை வாசிக்கத் தெரிந்தால், டொக்டர் லைற்றில் பிடித்துப் பார்க்கும்போது நீங்களும் சேர்ந்து பார்க்கலாம். பல்லின் வெளிப்புற ஓடு, அதாவது எனாமல், மனித உடலிலேயே கடினமான பொருள். அதுதான் நல்ல வெள்ளை. அதற்கு உள்ளே டென்ரின் என்ற படை சாம்பல் நிறம். நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கிற அறை கறுப்பு. அது வேரின் நுனிவரை மெல்லிய கோடாக இறங்கும். சூத்தை பிடித்த இடத்தில் கல்சியம் கரைந்து போயிருப்பதால் அங்கே கறுப்பு நிழல் விழும். வேரின் நுனியில் எலும்பு கரைந்திருந்தால் மிளகளவு, உழுந்தளவு கறுப்பு வட்டம் தெரியும். முன்பு அடைத்த வெள்ளி அடைப்பு பளிச்சென்று, எனாமலைவிடக் கடும் வெள்ளையாக நிற்கும்.

சூத்தை உள்ளே போகிற விதத்தை ஊரில் எல்லோருக்கும் விளங்க நான் சொல்வது கறையான் கதை. கறையான் தின்ற கதவு நிலையைப் பாருங்கள். வெளியே பெயின்ற் அப்படியே இருக்கும். விரலால் அமத்தினால் பொத்தென்று உள்ளே போகும். எனாமல் கடினம், டென்ரின் மென்மை. அதனால் சூத்தை எனாமலில் ஊசித்துளை போட்டு, டென்ரினுக்குள் போனபிறகு அகலமாகப் பரவும். இரண்டு பல் ஒட்டி நிற்கிற இடுக்கில் இது தொடங்கினால் கண்ணாடி வைத்தும் காண்பது கஷ்டம். அந்த இடத்தில்தான் எக்ஸ்றே எங்களுக்குக் கண்ணாக இருக்கிறது. என்றாலும் அந்தக் கண்ணுக்கும் அளவு உண்டு. ஓர் இடத்தில் 30 முதல் 40 சதவீதமளவு கனிமம் கரைந்த பிறகுதான் அது படத்தில் நிழலாகத் தெரியத் தொடங்கும். படத்தில் காண்பதைவிட உண்மையான சூத்தை பெரும்பாலும் கொஞ்சம் ஆழமாகவே இருக்கும்.

படங்களில் வகை உண்டு. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். பைற்விங் என்பது சின்னப் பிலிமின் தாங்கியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு எடுப்பது. மேல் கீழ் இரண்டு வரிசையின் தலைப்பகுதியும் ஒரே படத்தில் வரும். இடுக்குச் சூத்தைக்கு இதைப்போல் வேறொன்று இல்லை. பெரியபிக்கல் என்பது ஒன்றிரண்டு பல்லை வேர் நுனிவரை முழுதாக எடுப்பது. ஓ.பி.ஜி. என்றால் நீங்கள் நாடியைத் தாங்கியில் வைத்து நிற்க, கருவி தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே நீளப் படமாக எடுத்துத் தரும். பதினைந்து செக்கன் அளவில் முடிந்துவிடும். சி.பி.சி.ரி. என்று ஒன்று உண்டு. அது முப்பரிமாணப் படம், கதிர் அளவும் கூட. தாடைக்குள் திருகு வைத்துப் பல் கட்டுவது, சிக்கலான ஞானப்பல், தாடைக்கட்டி போன்றவற்றுக்கு ஆழமும் திசையும் துல்லியமாகத் தெரியவேண்டி வந்தால் மட்டும் கேட்போம்.

இனி எப்போது தேவை என்பதற்கு வருகிறேன். நான் எனக்கே வைத்திருக்கிற முறை இது: எக்ஸ்றேக்குத் துண்டு எழுதுவதற்கு முதல் ஒரு கேள்வி இருக்கவேண்டும். கண்ணாலும் கையாலும் பதில் காண முடியாத கேள்வியாகவும், வருகிற பதிலைப் பொறுத்து வைத்தியம் மாறக்கூடிய கேள்வியாகவும் அது இருக்கவேண்டும். அப்படி ஒரு கேள்வி இல்லாமல் எடுக்கிற படத்தால் நோயாளிக்குக் காசும் நேரமும் கதிரும் வீண்.

வயல்கார ஐயாவின் விஷயத்தில் கேள்வி, எந்தப் பல், எவ்வளவு ஆழம் என்பது. நரம்பறையைச் சூத்தை எட்டியிருந்தால் வேர்ச் சிகிச்சை (கெட்ட நரம்பை எடுத்து வேரின் உட்கால்வாயை மருந்தால் அடைப்பது), எட்டாவிட்டால் சாதாரண அடைப்பு. வேர்ச் சிகிச்சை என்று முடிவானால் ஒரு படத்தோடு நிற்காது. தொடங்க முன் ஒன்று, நடுவில் வேரின் நீளம் அளக்க ஒன்று, அடைத்து முடிந்தபின் சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க ஒன்று. "போன கிழமைதானே எடுத்தது" என்று ஆட்கள் மனம் சலிப்பது இந்த இடத்தில்தான். போன கிழமைப் படம் போன கிழமைக் கேள்விக்கு. வேரின் உட்கால்வாய் முடிகிற இடத்தைத் தாண்டி மருந்து போனாலும் பிழை, அதற்கு முன் நின்றாலும் பிழை.

ஞானப்பல் இன்னொன்று. கீழ்த்தாடைக்குள்ளால், வயலுக்குள் புதைத்த குழாய் போல, ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு கொடுப்பது அதுதான். சரிந்து படுத்த ஞானப்பல்லின் வேர் சிலபேருக்கு அந்த நரம்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். படம் பாராமல் நெம்பினால் உதடு மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே விறைத்துப் போகலாம். வெட்டி எடுக்கவேண்டிய ஞானப்பல்லுக்கு எக்ஸ்றே இல்லாமல் கை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

விபத்தும் அப்படித்தான். ஏ-9 வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுந்து நாடி அடிபட்டு வருகிற பெடியனுக்கு வெளியே தோல் கிழிந்தது மட்டும் தெரியும். ஆனால் நாடியில் விழுந்த அடி காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டின் கழுத்தில் போய் முறிக்கக்கூடும். வாயை மூடும்போது பற்கள் முன்போல் பொருந்தவில்லை என்று சொன்னால் அன்றைக்கே படம் எடுக்கவேண்டும். முன்பல் உடைந்து வருகிற பிள்ளைக்கு வேரும் முறிந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்று.

முரசு வருத்தத்தில் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு எவ்வளவு இறங்கிவிட்டது என்று அறிய, முகம் வீங்கி வந்தால் சீழ் எந்த வேரிலிருந்து என்று அறிய, பத்துப் பதினொரு வயதாகியும் வேட்டைப்பல் முளைக்கிற அடையாளமே இல்லாவிட்டால் அது மேலே எங்கே மாட்டுப்பட்டிருக்கிறது என்று அறிய, பல்லுக்குக் கம்பி போட முன் என்று இன்னும் இருக்கின்றன.

தேவைப்படாத இடங்களையும் சொல்லவேண்டும். ஆடுகிற பாற்பல்லைக் கழற்ற எக்ஸ்றே வேண்டாம். கண்ணுக்கு நேரே தெரிகிற சின்னச் சூத்தையை அடைக்கவும், பல் துப்புரவு செய்யவும் பெரும்பாலும் வேண்டாம். முரசோடு முரசாகத் தேய்ந்து ஆடிக்கொண்டிருக்கிற கிழவியின் பல்லுக்கும் வேண்டாம். வவுனியாப் பக்கம் சில குழாய்க்கிணறுகளில் புளோரைட்டு கூட. அந்தத் தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வருகிற மண்ணிறக் கறை எனாமலில் இருப்பது. அதைக் கண்ணால் பார்த்தாலே போதும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வெற்றிலை பாக்குப் போடுகிறவர்களின் வாயில் வருகிற வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க இறுகுவது, இவை எதையும் தொடக்கத்தில் எக்ஸ்றே காட்டாது. எலும்பை அரித்த பிறகுதான் காட்டும், அது மிகவும் பிந்தின கட்டம். பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட விஷயம். இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. "போன வருசம் எக்ஸ்றே எடுத்தது, ஒண்டும் இல்லையெண்டவை" என்று ஆறுதலோடு இருக்காதீர்கள். மூன்று கிழமையில் ஆறாத புண்ணென்றால் நேரே வந்து வாயைக் காட்டுங்கள். அதற்கு வேண்டியது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

வெளிநாட்டிலிருந்து வருகிற உறவுகள் கேட்பதும் ஒன்று உண்டு: "அங்க ஒவ்வொருமுறையும் படம் எடுக்கினம், இங்க ஏன் எடுக்கிறேல்ல?" எல்லோருக்கும் வருடத்துக்கு ஒன்று என்ற விதி எங்கும் இல்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டலும் ஆளைப் பார்த்து முடிவெடு என்றுதான் சொல்கிறது. சூத்தை வரும் ஆபத்துக் குறைந்த வளர்ந்தவருக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பைற்விங் போதும். அடிக்கடி சூத்தை வருகிற பிள்ளைக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் எடுக்கலாம். வாயைப் பார்க்க முதலே படம் எடுத்துவா என்று அனுப்புகிற இடத்தில், எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கதிர் பயத்துக்கு வருவோம். அது அர்த்தமில்லாத பயம் அல்ல. ஜேர்மனியில் வில்ஹெல்ம் ரொஞ்சன் 1895 கார்த்திகையில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். சில கிழமைகளில், 1896 தை மாதத்தில், ஒட்டோ வால்கொஃப் என்ற பல் வைத்தியர் தன்னுடைய பல்லைத் தானே படம் எடுத்தார். 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம். அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் வைத்தியர் வருடக்கணக்காகத் தன் கையைக் கதிருக்குள் காட்டி வேலை செய்து, விரல்களையும் பிறகு கையையும் புற்றுநோய்க்கு இழந்து, 1928இல் இறந்தார். இன்றைக்குப் படம் எடுக்கிறவர் உங்கள் வாய்க்குள் பிலிமைத் தன் கையால் பிடிக்காமல் வெளியே போய் நின்று பொத்தானை அமத்துகிறார் என்றால், அது கெல்ஸைப் போன்றவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்த முறை. நாள் முழுக்க, வருடம் முழுக்க எடுக்கிறவர் அவர். நீங்கள் ஒரு முறை எடுப்பவர்.

அந்த 25 நிமிடம் இப்போது ஒரு செக்கனுக்கும் குறைவு. ஒரு சின்னப் பல் படத்தில் கிடைக்கிற கதிர் ஏறத்தாழ 0.005 மில்லிசீவர்ட் (மில்லிசீவர்ட் என்பது கதிர் அளக்கிற அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். கணக்குப் பார்த்தால், ஒரு பல் படம் என்பது நீங்கள் முற்றத்தில் சும்மா இருந்தாலே ஒரு நாளில் கிடைக்கிற அளவிலும் கொஞ்சம் குறைவு. ஓ.பி.ஜி. இரண்டு முதல் ஐந்து நாள் அளவு. லண்டனிலிருந்து விமானத்தில் வருகிற மகனுக்கு வானத்தில் அதைவிடக் குறையாத கதிர் கிடைத்திருக்கும். கருவிகளுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்க எங்கள் நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டமும் இருக்கிறது.

பிள்ளைத்தாச்சிகள் கட்டாயம் சொல்லவேண்டும். சொன்னால் அவசரமில்லாத படங்களைத் தள்ளிவைப்போம். ஆனால் முகம் வீங்கிக் காய்ச்சலோடு வந்தால் படம் எடுத்து வைத்தியம் செய்வதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. கதிர் விழுவது கன்னத்தில், வயிற்றுக்குப் போவது கணக்கில் எடுக்க முடியாத அளவு. ஈயக் கவசம் போடவில்லை என்று சிலர் பதறுவார்கள். கதிர்க்கற்றை இப்போது ஒடுக்கமாகிவிட்டதால், அதை வழமையாகப் போடத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024இல் சொல்லிவிட்டது. போட்டுவிட்டால் போடட்டும், பிழையில்லை.

பால் கொடுக்கிற அம்மாக்கள் எத்தனை நாளைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று கேட்கிறார்கள். வயதானவர்கள் என்ன பத்தியம் என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. ரோச்சை நூர்த்தால் முட்டைக்குள் வெளிச்சம் தங்குவதில்லை. எக்ஸ்றேயும் உடம்பில் தங்குவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பால் கொடுக்கலாம், மீன்குழம்பும் சாப்பிடலாம்.

வன்னிக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது, அதைப் பலர் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009இல் காயப்பட்டவர்களின் உடம்பில் இன்றும் செல் துண்டுகள் இருக்கின்றன. முகத்தில், கழுத்தில், தாடைக்குள் இருப்பவர்கள் எங்களிடம் வருகிறார்கள். "உள்ளுக்கு இரும்பு கிடக்கு டொக்டர், எக்ஸ்றே எடுத்தா அது சூடாகுமோ, அசையுமோ?" சூடாகாது, அசையாது. எக்ஸ்றேக்கு அது தடையே இல்லை. படத்தில் பளீர் வெள்ளைப் புள்ளியாக வரும். சிலசமயம் வேரை மறைக்கும், அப்போது கோணத்தை மாற்றி எடுக்கவேண்டும். ஆனால் எம்.ஆர்.ஐ. என்பது வேறு. அது பலமான காந்தம்; இரும்புத் துண்டை இழுக்கக்கூடும். ஆகவே எந்தப் படம் எடுக்கப் போனாலும், எங்கே காயப்பட்டது என்பதை முதலே சொல்லிவிடுங்கள். எங்களிடம் சொல்ல நீங்கள் கூச்சப்பட ஒரு காரணமும் இல்லை.

கோணம் மாற்றி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. "முதல் படம் பிழைச்சுப் போச்சோ?" என்று நினைக்காதீர்கள். எக்ஸ்றே நிழல்தான். ஒன்றின் பின் ஒன்றாக நிற்கிற இரண்டு பனை நேரே பார்த்தால் ஒரு பனையாகத் தெரியும். இரண்டடி விலகிப் பார்த்தால் இரண்டு. ஒரே பல்லில் முன்னும் பின்னுமாக இருக்கிற வேர்களைப் பிரித்துப் பார்க்கவும் அந்த இரண்டடிதான் விலகுகிறோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஓ.பி.ஜி. என்றால் தோடு, மூக்குத்தி, சங்கிலி, கழற்றுகிற பல் செற் எல்லாம் கழற்றவேண்டிவரும். வலது காதுத் தோட்டின் பேய்நிழல் இடப்பக்கத் தாடையில் போய் விழுந்து படத்தைக் கெடுத்துவிடும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் எடுப்பவரிடம் முதலே சொல்லுங்கள். கதிர் படுகிற உயரத்துக்குக் கீழே இறக்கிவிட வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்பல்லுக்குப் பிலிம் வைக்கும்போது ஓங்காளம் வந்தால் மூக்கால் ஆழமாக மூச்சு விடுங்கள். நாக்கு நுனியில் உப்புக்கல் வைத்தால் சிலருக்குக் கேட்கும்.

பிறகு அந்தப் படம். அது உங்களுடையது. மடிக்காதீர்கள், வெயில் படுகிற யன்னலில் வைக்காதீர்கள். எங்கள் பிரதேசத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கருவி, இன்னொன்றில் வைத்தியர், மூன்றாவதில் சத்திரசிகிச்சை நிபுணர் என்று இருக்கிறது நிலைமை. முல்லைத்தீவில் எடுத்த படத்தை யாழ்ப்பாணத்தில் காட்டவேண்டி வரும். உறைக்கு வெளியே திகதியும் எந்தப் பக்கம் என்பதும் எழுதி, கிளினிக் கொப்பியோடு வையுங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அதே பல்லைப் பார்க்கும்போது, நிழல் பெருத்திருக்கிறதா அப்படியே நிற்கிறதா என்று சொல்லக்கூடியது அந்தப் பழைய படம் ஒன்றுதான். கிட்டடியில் எடுத்த படம் என்றால் சில வேளை புதுப் படமே தேவைப்படாது.

வயல்கார ஐயா இரண்டு நாள் கழித்து மண்ணிற உறையோடு வந்தார். லைற்றில் பிடித்தேன். மேல்வரிசையில் இரண்டு கொடுப்புப் பல் ஒட்டுகிற இடுக்கில், ஒன்றின் பக்கத்தில் ஊசித்துளை மாதிரித் தொடங்கி, உள்ளே அகன்று, நரம்பறையின் வாசல்வரை கறுப்பு. கீழே, அவர் கழற்றச் சொன்ன பல், வேர் நுனிவரை சுத்தம், சூத்தை நிழல் ஒன்றும் இல்லை. அவரையும் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"அப்ப இதைக் கழட்டியிருந்தா?"

"இது போயிருக்கும் ஐயா. குத்து நிண்டிராது."

கீழ்ப்பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வேர்ச் சிகிச்சைக்கு எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டார்.